குடி நின்ற மூன்றாம் நாள்

என் தொடை எலும்பு உடைந்தது ஒரு திங்கட்கிழமை காலை. செத்துப் பிழைத்தது அந்த வியாழக்கிழமை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கால் உடைந்ததால்தான் அப்படி ஆகிவிட்டது என்று நினைத்தார்கள். கொஞ்ச நேரம் டாக்டர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். உண்மை தெரிந்தவர்கள் எங்கள் குடும்பத்தில் நாலு பேர். நாலு பேருமே வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். ஆரம்பத்தில் கொக்கி போட்டு ஐஸ் பாளங்களை இழுத்தேன். இப்போது மேஸ்திரி. குளிர் பழகியவன். அந்தக் குளிருக்காகத்தான் குடிக்கிறேன் என்று முதலில் சொல்லிக்கொண்டேன். ராத்திரி ஒரு குவாட்டர் என்று இருந்தது பத்து வருஷத்துக்கு முன்பு. பிறகு அது போதவில்லை. கடைசி நான்கு வருஷமாகக் காலையிலும் கொஞ்சம் உள்ளே போனால்தான் கை நடுக்கம் நிற்கும். கை நின்றால்தான் சட்டைப் பொத்தானைப் போட முடியும். அதை நான் குடி என்றே நினைக்கவில்லை. மாத்திரை போடுகிற மாதிரி என்று நினைத்தேன்.

தெருவில் விழுந்து கிடந்ததில்லை. வேலைக்கு ஒரு நாள் தாமதமாகப் போனதில்லை. மனைவி வசந்தியைக் கை நீட்டி அடித்ததில்லை. அதனால் குடிகாரன் என்றால் அது வேறு யாரோ என்றுதான் இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பாட்டில் காலி. திங்கட்கிழமை காலை ஒன்றும் குடிக்காமலே வேலைக்குப் போனேன். ஆறரை மணி இருக்கும். ஈரத் தரையில் நின்றுகொண்டு பாளம் ஒன்றை நகர்த்தப் போனபோது கை உதறியது, கொக்கி நழுவியது, கால் வழுக்கியது. விழுந்த சத்தத்தைவிட எலும்பு உடைந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கடலூரில் கட்டை வைத்துக் கட்டி, ஊசி போட்டு, சிதம்பரத்தில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். தொடை எலும்புக்குள் கம்பி செருக வேண்டும், மறுநாள் ஆபரேஷன் என்று முடிவானது.

சாயங்காலம் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வந்தார். சின்ன வயதுப் பெண். கையில் ஒரு தாள். சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா, இதற்கு முன் ஆபரேஷன் செய்ததுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். அந்த நேரம் பார்த்து என் கட்டிலைச் சுற்றி ஆட்கள். வசந்தி, என் மகள் நித்யா, வசந்தியின் தம்பி செல்வம். இவர்களோடு எங்கள் சம்பந்தி வீட்டாரும் இருந்தார்கள்.

நித்யாவுக்கு அப்போதுதான் பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நிச்சயதார்த்தம் அடுத்த மாதம் என்று பேச்சு. மாப்பிள்ளையின் அப்பா கலியமூர்த்தி சேத்தியாத்தோப்பில் உரக்கடை வைத்திருக்கிறார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, அளந்து பேசுகிற மனிதர். நான் விழுந்த செய்தி கேட்டு மனைவியோடு ஒரு பை சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஓடி வந்திருந்தார்.

"தண்ணி பழக்கம் உண்டா?" என்று டாக்டர் கேட்டார்.

நான் வாயைத் திறக்கும் முன்பே வசந்தி சொல்லிவிட்டாள். "ஐய, அந்த வாடையே அவருக்கு ஆவாதுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். "எப்பவாவது? விசேஷம் அது இதுன்னு?"

"இல்ல மேடம்" என்றேன்.

தாளில் ஒரு கோடு போட்டார். நித்யா தலையைக் குனிந்துகொண்டாள். செல்வம் தண்ணீர் பிடிக்கப் போகிறவன் போல வெளியே போனான். கலியமூர்த்தி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். நினைவு இருந்தது. கை இரண்டும் கட்டுக்கடங்காமல் நடுங்கின. "குளிருதாண்ணா?" என்று கேட்டு நர்ஸ் இன்னொரு போர்வையைப் போர்த்தினார். ஐஸ் கம்பெனிக்காரனுக்குக் குளிரா என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தேன். பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன.

புதன்கிழமை வேர்த்தது. மின்விசிறிக்குக் கீழே படுத்தும் தலையணை நனைந்தது. நெஞ்சு ஓடிவந்தவனுடையதைப் போல அடித்தது. காய்ச்சலோ, புண்ணில் சீழ் பிடித்துவிட்டதோ என்று ரத்தம் எடுத்துப் போனார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. போர்வையின் நூல் தோலில் உரசுவதுகூடத் தாங்க முடியவில்லை. யாராவது ஸ்பூனைக் கீழே போட்டால் உடம்பு தூக்கிப்போட்டது. சாயங்காலம் கட்டிலுக்கு அடியில் கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தது. எங்கள் ஐஸ் கம்பெனியின் கம்ப்ரசர். இருபத்திரண்டு வருஷமாகக் கேட்கிற சத்தம், அது எனக்குத் தப்பாது.

"கீழ மோட்டார் ஓடுதா?" என்று வசந்தியைக் கேட்டேன்.

"எந்த மோட்டாரு?"

"ஒண்ணுமில்ல."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "மூணு நாளா அது இல்லாம இருக்கறதால இப்படி பண்ணுதா?"

"அதெல்லாம் நல்லதுக்குத்தான். இதோட விட்டுடுறேன்" என்றேன்.

உண்மையாகவே அப்படித்தான் நம்பினோம். இரண்டு நாள் கஷ்டப்பட்டால் உடம்பு சுத்தமாகிவிடும் என்று. இந்த நம்பிக்கைதான் என்னைக் கொல்லப் பார்த்தது.

வியாழக்கிழமை மூன்று மணி. நல்ல வெயில். ஜன்னல் வழியாக வெளிச்சம் தரையில் சதுரமாக விழுந்திருந்தது. எட்டுக் கட்டில்கள் போட்ட வார்டு. என்னுடையது நாலாம் நம்பர். ஐந்தாம் நம்பர் ஆள் காலையில்தான் வீட்டுக்குப் போயிருந்தார். விரிப்பை உருவிவிட்டு வெறும் பச்சை ரெக்சின் மெத்தையாக விட்டிருந்தார்கள். வசந்தி சாப்பாட்டுத் தூக்கைக் கழுவப் போயிருந்தாள்.

அந்தக் கட்டிலுக்கு அடியிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

உள்ளங்கை உயரம் இருப்பார்கள். வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவன் தோளிலும் சர்க்கரைக் கட்டி அளவில் ஒரு ஐஸ் பாளம். கையில் கொக்கி. வெயில் சதுரத்தைக் கடந்து என் கட்டிலுக்கு அடியில் போனார்கள். போகிறவர்களுக்கு நிழல் இருந்தது. ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. எனக்குப் பயமே வரவில்லை என்பதுதான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது. சரக்கு நேரத்துக்கு ஏறுகிறதா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தொன்று வரை எண்ணினேன். கடைசியாக வந்தவன் நின்றான். தலையை மட்டும் நிமிர்த்தி என்னைப் பார்த்தான். பிறகு அவனும் அடியில் போய்விட்டான்.

நிமிர்ந்து பார்த்தால் ஐந்தாம் கட்டிலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சுவரைப் பார்த்தபடி. எனக்கு முதுகுதான் தெரிந்தது. என்னுடைய நீல அரைக்கைச் சட்டை, காலரில் அதே கிழிசல். லுங்கியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்டிய தண்ணீர் அவர் காலடியில் தேங்காமல் என் கட்டிலை நோக்கி ஓடி வந்தது. எங்கள் கம்பெனியின் அமோனியா வாடை அடித்தது. அவர் திரும்பிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். திரும்பினால் எந்த முகம் இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது போலத்தான் இருந்தது.

அவர் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "கொணா, எழுந்து வா. தண்ணி ரொம்பிப் போச்சு பாரு."

என்னை முழுசாகக் குணசேகரன் என்று கூப்பிடுபவர்கள் யாரும் இல்லை. கம்பெனியில் எல்லோருக்கும் கொணாதான். ஆனால் அந்தக் குரல் கட்டிலில் இருந்து வரவில்லை. என் வாய்க்குள்ளேயிருந்து வந்தது.

எழுந்து போனேன். கையில் ஏறிக்கொண்டிருந்த சலைனைப் பிடுங்கினேன். இரண்டு நாள் முன்பு கம்பி வைத்துத் தைத்த காலை ஊன்றி நின்றேன். வலிக்கவில்லை. கொஞ்சம்கூட வலிக்கவில்லை. ஒரு அடி வைத்தேன், இன்னொரு அடி வைத்தேன். கையில் இருந்து ரத்தம் ஓடுவதைப் பார்த்தேன். அது எனக்கு வெதுவெதுப்பான தண்ணீராகத் தெரிந்தது. குனிந்து, இல்லாத கொக்கியால் இல்லாத பாளத்தை இழுத்தேனாம். "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று ஆட்களுக்கு உத்தரவு போட்டேனாம். இதையெல்லாம் செல்வம் பிறகு சொன்னான்.

செல்வம் பிச்சாவரத்தில் படகு ஓட்டுகிறவன். அன்றைக்குச் சவாரியை முடித்துக்கொண்டு எனக்கு மோர் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். வார்டு வாசலிலேயே மோரைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். "மாமா, மாமா, நான்தான் செல்வம், கால ஊனாத மாமா" என்று கத்தியிருக்கிறான். எனக்குப் பட்டது வேறு. முழங்கால் அளவுத் தண்ணீரில் யாரோ என்னை உள்ளே இழுக்கிறார்கள் என்று அவன் தோளைக் கடித்தேன். தழும்பு இன்னும் இருக்கிறது.

இதற்கப்புறம் நடந்தது எதுவும் என் நினைவில் இல்லை. மற்றவர்கள் சொன்னதை வைத்துச் சொல்கிறேன்.

தொடை எலும்பு உடைந்தவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறினால் டாக்டர்கள் முதலில் சந்தேகப்படுவது ஒன்று உண்டு. எலும்புக்குள் இருக்கும் கொழுப்பு துளித்துளியாக ரத்தத்தில் கலந்து நுரையீரலையோ மூளையையோ அடைத்துவிடலாம். எனக்கும் அதுதான் என்று நினைத்து, நாலு பேர் பிடித்துக்கொள்ள, தலையில் ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஸ்கேன் அறை வாசலிலேயே எனக்கு வலிப்பு வந்துவிட்டது. டாக்டர் வெளியே வந்து வசந்தியிடம் கேட்டிருக்கிறார்: "இவருக்கு வேற ஏதாவது பழக்கம் இருக்கா? நல்லா யோசிச்சு சொல்லுங்கம்மா."

அந்த நடையில் அப்போது கலியமூர்த்தியும் இருந்தார். சாயங்காலம் என்னைப் பார்க்கத் தனியாக வந்திருந்தார். வசந்தி அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு, "இல்லீங்க" என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். நித்யா இடையில் வந்தாள்.

"குடிப்பாரு சார். தெனமும். ராத்திரி அரை பாட்டில். காலையில எழுந்ததும் குடிப்பாரு. ஞாயித்துக்கெழம ராத்திரிதான் கடைசி."

"நித்யா!"

"அம்மா, அவரு செத்துருவாரும்மா."

டாக்டர் கேஸ் தாளைப் புரட்டிப் பார்த்தாராம். பிறகு, "இத திங்கக்கெழமையே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாராம். கலியமூர்த்தி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் படியிறங்கிப் போய்விட்டார்.

ஐ.சி.யூ.வில் மூன்று நாள் கிடந்தேன். கை கால்களைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். தூக்க ஊசி மாற்றி மாற்றிப் போட்டார்கள். பி-ஒன் என்கிற வைட்டமினைச் சலைன் வழியாக ஏற்றினார்கள். குடிக்கிறவர்கள் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும், அது இல்லாமல் போனால் நினைவே நிரந்தரமாக அழிந்துவிடும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் கண் திறந்தபோது எனக்குத் தெரிந்தது மேலே ஒரு வெள்ளை விளக்கும், தாடையில் சோப்பு நுரையும்தான். பார்க்க விட்ட அந்தக் கொஞ்ச நேரத்தில் செல்வம் எனக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான். கடித்த தோளோடு.

"மாமா, நான் யாரு?" என்று கேட்டான்.

"ஏன், தெரியாதா ஒனக்கு?" என்றேன். அவன் பிளேடைக் கீழே வைத்துவிட்டு அழுதான்.

எனக்கு வந்ததன் பெயர் டெலிரியம் ட்ரெமன்ஸ். நடுக்கத்தோடு வருகிற புத்தித் தடுமாற்றம். நீண்ட நாள் அதிகமாகக் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்தும்போது, இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் நடுவில் வரும். எல்லோருக்கும் வராது. வந்தவர்களுக்கு மருத்துவம் இல்லாவிட்டால் உயிரே போகலாம். மனநல டாக்டர் ஒருவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விளக்கினார்.

"ஒரு ஆள் பல வருஷமா உங்க தோள்மேல கைய வச்சு அமுக்கிக்கிட்டே இருக்கான்னு வச்சுக்குங்க. நீங்க விழாம இருக்க முழு பலத்தோட எம்பிக்கிட்டே நிப்பீங்க. ஒரு நாள் அவன் சட்டுனு கைய எடுத்துட்டா?"

"மேல தூக்கி எறிஞ்சிரும்."

"அதான் உங்க மூளைக்கு ஆச்சு. கைய எடுக்கணும். ஆனா கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும். அதுக்குத்தான் மருந்து. நீங்க குடிக்கிறவர்னு தெரிஞ்சிருந்தா மொத நாளே ஆரம்பிச்சிருப்போம்."

"இனிமே வருமா சார்?"

"திரும்பக் குடிச்சு, திரும்ப நிறுத்தினா வரும். அடுத்த தடவ இதவிட ஜாஸ்தியா வரும்."

வார்டுக்குத் திரும்பியதும் எனக்கு இன்னொரு தொல்லை ஆரம்பித்தது. எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பிரிக்கத் தெரியவில்லை. பார்த்ததெல்லாம் ஒரே கனத்தில், ஒரே நிறத்தில் இருந்தன. கனவு விழித்தால் கரைந்துபோகும். இது கரையவில்லை. வசந்தி பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பதில் சொன்னாள்.

"ஜன்னல்ல ஒரு பூன ஒக்காந்துக்கினு என்ன பாத்துக்கினே இருந்துதே?"

"அது நெஜம். தெனமும் வரும்."

"ஒரு அம்மா தரையில பொரண்டு அழுதாங்க."

"அதுவும் நெஜம். ரெண்டாம் நம்பர் பெட்டுக்காரரு செத்துட்டாரு."

"அஞ்சாம் பெட்ல ஒக்காந்திருந்தவரு?"

"அந்த பெட்ல ஆளே இல்லைங்க."

"தண்ணி?"

"நீங்க ஊத்துன ரத்தம்தான்."

பிறகு அவளாகவே சொன்னாள். "நான் அன்னிக்கு அப்படி சொல்லியிருக்கக் கூடாது. டாக்டர் கேட்டப்ப. சம்மந்தி நிக்கறாங்களேன்னு எம்புத்தி போச்சு." என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஒங்கள நானே கொன்னுருப்பேன்."

"நானும்தான் இல்லன்னேன்" என்றேன்.

நித்யா முழுக்கைச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்தாள், அந்த வெயிலில். தண்ணீர் எடுத்துக் கொடுக்கும்போது கை விலகியது. மணிக்கட்டைச் சுற்றி நீலமாக நாலு விரல் தடம்.

"என்னாம்மா அது?"

"ஒண்ணுமில்லப்பா."

"நானா?"

அவள் சுற்றி வளைக்கவில்லை. சொன்னாள். ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டேனாம். முகத்துக்குப் பக்கத்தில் இழுத்து, "யாரு நீ? எம் பொண்ணு மூஞ்சிய எதுக்கு வச்சுக்கினு வந்த?" என்று கேட்டேனாம். "உள்ள இருக்கிறவள வெளிய விடு" என்று திரும்பத் திரும்பச் சொன்னேனாம்.

"பயந்துட்டியா?"

"நீங்க அப்படி பாத்தப்ப எனக்கே சந்தேகமா போச்சுப்பா, நான் யாருன்னு" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள்.

நான் பார்த்த எதுவும் என்னை அவ்வளவு நடுங்க வைக்கவில்லை. குட்டி ஆட்கள், தண்ணீர், ஐந்தாம் கட்டில், எல்லாமே என் தலைக்குள் இருந்தவை. அவள் பார்த்தது உண்மையில் நடந்தது. அவளுடைய அப்பாவின் உடம்புக்குள் யாரோ ஒருவன் இருந்துகொண்டு அவளைப் பார்த்திருக்கிறான்.

பதினாறாம் நாள் வீட்டுக்கு வந்தேன். வாக்கரைப் பிடித்து நடக்கக் கற்றுக்கொண்டேன். மனநல டாக்டர் கொடுத்த மாத்திரைகளை வசந்தி வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தாள். வாரம் ஒரு தடவை அவரிடம் போனோம். குடிக்கும் ஆசை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்குத் தொண்டை தானாக வறளும். அந்த நேரத்தில் செல்வம் பிச்சாவரத்திலிருந்து போன் செய்து, அன்றைக்கு யார் யார் படகில் வந்தார்கள், யார் செல்பி எடுக்கப் போய்ச் செருப்பைத் தண்ணீரில் விட்டார்கள் என்று அரை மணி நேரம் பேசுவான். எதற்காகப் பேசுகிறான் என்று அவனும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

கலியமூர்த்தியிடமிருந்து மட்டும் போன் இல்லை. நிச்சயதார்த்தத் தேதி வந்து போய்விட்டது. நாங்களாகப் போன் செய்யவும் வாய் வரவில்லை. "சொல்லாம எழுந்து போனவரு. அதுக்குமேல என்னா பதில் வேணும்" என்றாள் வசந்தி. நித்யா, தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். எடுத்து வைத்த பட்டுப்புடவை மடிப்புக் கலையாமல் பீரோவில் இருந்தது.

நான் விழுந்து ஆறு வாரம் கழித்து ஒரு நாள், பகல் பதினொரு மணிக்கு, கலியமூர்த்தி வந்தார். தனியாக, பஸ்ஸில். சம்பந்தத்தை முறித்துக்கொள்ளத்தான் நேரில் வந்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. வசந்தி தண்ணீர் கொடுத்துவிட்டுச் சமையலறை வாசலில் போய் நின்றாள். அவர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார். டம்ளர் பல்லில் தட்டுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் சட்டையில் சிந்தியது.

"நீங்க உள்ள போங்க சம்மந்திம்மா" என்றார் வசந்தியிடம். அவள் போனதும் என் பக்கம் குனிந்தார். திருநீறு வேர்வையில் கரைந்து புருவத்துக்கு இறங்கியிருந்தது.

"ஒங்களுக்கு மொதல்ல என்னா வந்துது? சத்தமா? ஆளா?"

எனக்குப் புரியவில்லை. "எதுக்கு சம்மந்தி?"

"சொல்லுங்களேன்."

"சத்தம்தான். கம்பெனி மோட்டாரு."

"எனக்கும் சத்தம்தான்" என்றார். "கடையில மூட்ட இழுக்கற சத்தம். நேத்துலேருந்து."

பதினைந்து வருஷமாகக் குடிக்கிறாராம். கடையின் பின்னறையில். அவர் வீட்டில் யாருக்கும் முழுதாகத் தெரியாது. அன்றைக்கு ஸ்கேன் அறை வாசலில் நித்யா சொன்னதைக் கேட்டதும் அவருக்கு உடம்பெல்லாம் ஆடிப்போயிருக்கிறது. கோபத்தில் போகவில்லை, பயத்தில் ஓடியிருக்கிறார். ஆறு வாரம் பயந்து பயந்து குடித்துவிட்டு, மகன் கல்யாணத்துக்கு முன் தன் குடி நின்றுவிட வேண்டும் என்று, செவ்வாய்க்கிழமை ராத்திரியோடு நிறுத்திவிட்டாராம். யாரையும் கேட்கவில்லை. எந்த டாக்டரிடமும் போகவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை.

விரலை விட்டு எண்ணிப் பார்த்தேன். மூன்றாம் நாள்.

"சம்மந்தி, எழுந்திரிங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"போலாம், போலாம்" என்றார் நிதானமாக. வாசலைப் பார்த்தார். "அதுக்கு முன்னாடி அந்தம்மாவ உள்ள வந்து ஒக்காரச் சொல்லுங்க. எவ்ளோ நேரமா வெயில்ல நிக்கறாங்க."

திரும்பிப் பார்த்தேன். வாசல் திறந்திருந்தது. படியில் வெயில் விழுந்து கண் கூசியது. தெருவில்கூட யாரும் இல்லை.

"வசந்தி!" என்று கத்தினேன். "கார் கூப்பிடு!"

பக்கத்துத் தெருவில் வாடகைக் கார் ஓட்டுகிற பையன் ஐந்து நிமிஷத்தில் வந்தான். பின் சீட்டில் அவரை உட்கார வைத்து, காலை நீட்டிக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். வசந்தி முன்னால் ஏறினாள். கார் கிளம்பியதும் கலியமூர்த்தி ஜன்னல் பக்கம் ஒண்டிக்கொண்டார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டார்.

"நல்லா ஒக்காரச் சொல்லுங்க" என்றார்.

அந்த இடத்தில் யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் என் கை அங்கே போகத் தயங்கியது. பிறகு நகர்ந்து, அந்த இடத்தில் நானே உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நடுக்கம் என் தோள்வரை ஏறியது. கடலூர் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவர் என் காதோடு பேசிக்கொண்டே வந்தார். என்னிடம் பேசவில்லை, அந்தப் பெண்ணிடம் பேசினார். முன் சீட்டுக்குக் கேட்காத அளவுக்கு மெல்ல.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்ததும், யாரும் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் நான் சொன்னேன். எத்தனை வருஷம், எவ்வளவு, கடைசியாக எந்தக் கிழமை, இப்போது என்ன பார்க்கிறார் என்று. டாக்டர் ஒரு விநாடிகூட வீணாக்கவில்லை. வலிப்பு வருவதற்குள் ஊசி உள்ளே போய்விட்டது. எட்டாம் நாள் அவர் நடந்து வீட்டுக்குப் போனார்.

தை மாதம் நித்யாவுக்குக் கல்யாணம் நடந்தது. கலியமூர்த்தியும் நானும் ஒரே டாக்டரிடம்தான் மாத்திரை வாங்குகிறோம். நான் ஒரு தடவை தவறினேன். சித்திரையில், ஒரே ஒரு நாள். மறைக்கவில்லை, மறுநாளே டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் இன்னும் தவறவில்லை. கம்பெனியில் யாராவது வந்து, "நாளையிலேருந்து விட்டுடப் போறேண்ணே" என்று சொன்னால், முன்பென்றால் தோளில் தட்டிக் கொடுத்திருப்பேன். இப்போது, "தனியா விடாத, வா, நான் கூட வரேன்" என்று டாக்டரிடம் கூட்டிப்போகிறேன்.

இதை எழுதப் போகிறேன் என்று கலியமூர்த்தியிடம் சொன்னேன். பேரை மாற்றிவிட்டு எழுதுங்கள் என்றார். மாற்றியிருக்கிறேன். துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே கேட்டார்:

"அன்னிக்கு கார்ல அந்தம்மா என்கிட்ட பேசிக்கினே வந்தாங்க. நான் பதில் எதனா சொன்னனா சம்மந்தி?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

"சொன்னீங்க."

"யார் யார் கேட்டாங்க?"

"நான் மட்டுந்தான்."

அவர் முகம் வெளுத்தது. துண்டை உதறித் தோளில் போட்டார்.

"மத்ததெல்லாம் எழுதிக்குங்க" என்றார். "அத மட்டும் எழுத வேணாம்."

எழுதவில்லை.